ஒரு பழக்கமும் இல்லம்மா

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், டீயும் வடையும் கொடுத்தார்கள், "உங்க அனுபவத்தைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க மேடம்" என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கதையில் பாதி தூரம் போயிருப்பேன், அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார் என்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் ஸ்லைடு போட்டுப் பேசினார். பின்வரிசையில் இருந்த நீங்கள் தூங்கியதை மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே மிச்சத்தை எழுதியே தந்துவிடுகிறேன். என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்க எந்த விருந்தினராலும் முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திண்டுக்கல்லில் நம் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவில், டாக்டர் அறைக்கு வெளியே முதல் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வது என் வேலை. ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். எந்த ஊர், என்ன தொழில், என்ன சாப்பாடு, என்ன பழக்கம், தொந்தரவு எப்போது ஆரம்பித்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எந்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது, ஏன் வருகிறது என்று டாக்டர்களுக்குப் பிடிபடும். நோயாளிகள் எனக்கு வைத்த பெயர் கேள்வியம்மா. "டாக்டரு ஊசிதான் போடுவாரு, இந்தக் கேள்வியம்மா உசுரையே வாங்கிரும்" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது இதே வேலைக்கு வந்திருக்கும் உங்கள் கையில் தொடுதிரை டேப் இருக்கிறது. கட்டத்தைத் தட்டினால் பதில் ஏறிவிடுகிறது. வேலை சுலபம்தான். ஆனால் தட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒன்று கேட்க வேண்டும், எதிரில் இருப்பவர் ஒன்று சொல்ல வேண்டும். வம்பெல்லாம் அந்த இடத்தில்தான் வரும்.

அன்று பாதியில் நின்ற கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தக்காளி விவசாயி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பரிசோதித்த இளம் டாக்டர், கூச்சப்பட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், "வீட்டுக்காரம்மாவுக்குக் கருப்பை வாயில புண் இருக்கு, உடனே சேர்க்கணும்" என்றார். விவசாயியின் காதில் விழுந்தது வாயும் புண்ணும் மட்டும். மனிதர் மனைவியை நேராகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கே வரிசையில் நின்று, விளக்குப் போட்டு, பல்லைத் தட்டிப் பார்த்து, "வாயில ஒரு புண்ணும் இல்லையே" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் சிரித்த முகத்தோடு என்னிடம் வந்து, "நல்லா பாத்துட்டாங்கம்மா, ஒண்ணுமே இல்லீங்களாமா. பழனியாண்டவன் காப்பாத்திப்புட்டானுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எனக்கு உறைப்பதற்குச் சற்று நேரம் ஆகிவிட்டது. உறைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒட்டன்சத்திரம் பஸ்கள் நிற்கும் இடத்தில் தேடினால், மனிதர் ஆயக்குடிக் கொய்யாப்பழத் தள்ளுவண்டியில் நிதானமாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். "ஐயா, அந்த வாய் இல்லீங்க" என்றேன். "ஏனுங்க, வேற எந்த வாயிங்க?" என்றார். சுற்றிலும் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். நானும் எப்படியெல்லாமோ சுற்றி வளைத்துப் பார்த்தேன். அவர் புரியாமல் கொய்யாப்பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் பழம் விற்கிற பெண்மணி பொறுமை இழந்து, "யோவ், பிள்ள பொறக்குற வழியில புண்ணுங்குறாகய்யா. ரெண்டு பேரும் இப்படியே நின்னா பஸ்ஸு போயிரும்" என்று முடித்துவைத்தார். விவசாயியின் மனைவியை அன்றே சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னதில் தவறில்லை, கேட்டவரும் முட்டாள் இல்லை. ஒரு சொல் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகத் தலையாட்டியது. இதைவிடப் பெரிய கூத்து ஒன்று எங்கள் பிரிவில் நடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

அப்போது எங்களுக்குத் தலைமையாக இருந்தவரை நாங்கள் பெரிய டாக்டர் என்போம். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சொல்லாவிட்டாலும் கோபித்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், அறுவை சிகிச்சையில் கெட்டிக்காரர், ராப்பகலாக உழைப்பவர். ஒரே ஒரு குறை, தான் ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று அவருக்குத் தீராத தாகம்.

அவருடைய தாகத்துக்குத் தண்ணீர் வேடசந்தூரிலிருந்து வந்தது. எங்களிடம் வருகிறவர்களில் டவுன் பெண்களுக்கு மார்பிலும், கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பை வாயிலும் அதிகமாகப் பார்ப்போம். வாய்ப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ஆண்கள், கேட்டால் பீடி, புகையிலை, குடி என்று ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஆனால் வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்களில் வேலை செய்யும் பெண்கள் வாயில் புண்ணோடு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். எல்லோருடைய தாளிலும் "தீய பழக்கம்: இல்லை" என்றே இருந்தது. அது மேலிடத்தில் அச்சடித்துக் கொடுத்த கேள்வி. யார் கேட்டாலும் அப்படியே கேட்போம், இந்தப் பெண்களில் யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள்.

பல்லில் கறையைப் பார்த்துப் பெரிய டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது, கேட்டார். "எங்க ஊரு போர் தண்ணிக் கறைங்க" என்றார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் பச்சைக் குழந்தையின் பல்லைக்கூடப் பழுப்பாக்கிவிடும் என்பது உண்மைதான். அதோடு அவர் விட்டுவிட்டார். எந்தப் பழக்கமும் இல்லாத பெண்களுக்கு வாயில் புற்று என்றால் காரணம் மில்லுக்குள் பறக்கிற பஞ்சுத் தூசியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். சுவரில் ஜில்லா வரைபடம் மாட்டி, வேடசந்தூரைச் சுற்றிச் சிவப்புக் குண்டூசி குத்தி, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. இந்தக் கதையைக் கேட்டதும் அவர் சொன்னார்: "நல்ல வேளை, ஒங்க டாக்டரு கண்ணு பஞ்சு மேல விழுந்துச்சு. தோல் மேல விழுந்திருந்தா நாம மண்டியப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டவுனில் ஒரு ஓட்டல் ஹாலில் டாக்டர்களும் மில் முதலாளிகளும் கூடியிருக்கும் கூட்டத்தில் பெரிய டாக்டர் இதைப் பேசுவதாக ஏற்பாடு. காலையிலேயே டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். திண்டுக்கல் வெயிலில் டை கட்டிய மனிதரை அன்றுதான் எங்கள் ஆட்கள் பக்கத்தில் பார்த்தார்கள். என்னைக் கூப்பிட்டு ஒத்திகை வேறு பார்த்தார்.

"மேடம், ‘அதிர்ச்சி தரும் உண்மை’ன்னு சொல்லிட்டு ஒரு செகண்ட் நிறுத்தட்டுமா?"

"நிறுத்துங்க சார்."

"போன வாரம் ஒரு பேஷண்ட் வந்தாங்களே, பழனியம்மான்னு, இன்னைக்கு பயாப்சி ரிசல்ட்டுக்கு வருவாங்க. அவங்க கதைய முழுசா கேட்டு வாங்கிடுங்க. பேச்சை அதுல ஆரம்பிக்கப் போறேன். சின்னப் புண்ணு, நல்ல வேளை. மில் வேலைய விட்டுருங்கன்னு அன்னைக்கே சொல்லி அனுப்பிட்டேன்."

போன வாரம் நான் என் அக்கா மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தேன். அதனால் பழனியம்மாளை அன்றுதான் முதலில் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெடுநெடுவென்ற உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை. என் எதிரில் வந்து உதட்டை அழுந்த மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த ஊரும்மா?" என்றேன். கையை வடக்கே நீட்டிக் காட்டினார்.

"என்ன வேலை?" அறுந்த நூலை முடிச்சுப் போடுவது போல் விரல்களைத் திருகிக் காட்டினார்.

பாவம், புண் வலியில் பேச முடியவில்லை போலிருக்கிறது என்று எனக்கு மனசு இளகிவிட்டது. குரலைத் தணித்து அடுத்ததைக் கேட்டேன். "ஏதாவது பழக்கம் உண்டாம்மா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் சைகையில் பதில் சொல்வது தன் மரியாதைக்குக் குறைவு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். செத்த இரு என்பது போல் கையைக் காட்டிவிட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். தலையை வெளியே நீட்டி, நீளமாகத் துப்பினார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்:

"ஒரு பழக்கமும் இல்லம்மா. எங்க வம்சத்துலயே கிடையாது."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "இப்ப துப்புனது என்னம்மா?"

"போயிலை."

புகையிலையை எங்கள் பக்கத்தில் போயிலை என்றுதான் சொல்வோம். "போயிலை போடுறது பழக்கம் இல்லையா?"

"அய்ய, அது பல்லுக்கு வைக்கிறதும்மா."

"பல்லுல என்ன கோளாறு?"

"பல்லுல ஒரு கோளாறும் இல்ல. அதான் வைக்கிறேன்ல."

"அப்ப பழக்கம்னா எதும்மா?" என்றேன்.

"பழக்கம்னா குடி, சீட்டு... எங்க வீட்டுக்காரருக்கு இருக்கே, அதுக்குப் பேருதான் பழக்கம். பொம்பளைக்கு ஏது பழக்கம்? கேள்வியம்மா, நீங்க படிச்சவுக, இப்படியா கேக்குறது?" என்று என்னையே கடிந்துகொண்டார்.

பிறகு விவரமாகச் சொன்னார். மில்லில் நின்றுகொண்டேதான் வேலை. ராத்திரி ஷிஃப்டில் கண் அசந்தால் நூல் அறுந்து வரிசை நின்றுவிடும், மேஸ்திரி கத்துவார். பஞ்சு இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்பதால் ஆண்களுக்குக்கூட உள்ளே பீடி கிடையாது. டீக்கு வெளியே விடமாட்டார்கள். கன்னத்தில் ஒரு துணுக்குப் போயிலையை ஒதுக்கி வைத்துக்கொண்டால் விடிகிற வரை கண் முழித்து நிற்கும். சேர்ந்த புதிதில் பக்கத்து மிஷின்காரி கொடுத்தாளாம். இவர் இன்னும் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"இடது பக்கந்தான். வலது பக்கம் சோறு திங்கணும்ல?"

அவருடைய புண் இடது கன்னத்தில் இருந்தது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"டாக்டரு தூசி ஆகாதுன்னுட்டாரு. வேலைய விட்டுட்டேன்னு எழுதி, இன்னைக்குத்தான் வீட்டுக்காரருகிட்ட மில்லுக்குக் குடுத்து விட்டுருக்கேன்" என்றார். சொல்லும்போது குரல் கம்மியது. "மக நர்சிங் படிக்குது. அது இனிமே நின்னுரும். என்ன செய்ய, உசுரு இருந்தாத்தான மத்ததெல்லாம். வீட்டுல சும்மா கிடந்தா பொழுது போகாது, கூட ரெண்டு தடவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

பிள்ளைகளே, நிலைமை புரிகிறதா? எங்கள் பேச்சைக் கேட்டு அந்த அம்மாள் பிழைப்பை விடப் போகிறார், மகள் படிப்பு நிற்கப் போகிறது. எது கன்னத்தை அரித்ததோ அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் போகிறார். அதே மதியம் எங்கள் பெரிய டாக்டர் ஊரைக் கூட்டி, தூசிதான் காரணம் என்று சொல்லி, இன்னும் எத்தனையோ பெண்களைக் கவலையில்லாமல் கன்னத்தில் ஒதுக்க வைக்கப் போகிறார்.

அறைக்குள் போனேன். டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கதை கிடைச்சுதா மேடம்?"

சொன்னேன். அவர் முகம் சுண்டியது. சற்று நேரம் வரைபடத்தைப் பார்த்தார். "மேடம், ஒருத்தர் சொன்னதை வச்சு முடிவு பண்ண முடியாது. மத்த எல்லாருக்கும் பழக்கம் இல்லைன்னுதானே இருக்கு? சயின்ஸ்னா ஒரு முறை இருக்கு."

உங்களுக்கும் இப்படி ஒரு கட்டம் வரும். மேலே இருப்பவர் ஆசையாகக் கட்டிய வீட்டில் விரிசல் இருப்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். வாதம் செய்து பயனில்லை, அவர் நம்மைவிட நன்றாக வாதம் செய்வார். அழுதாலும் பயனில்லை, கைக்குட்டை கொடுத்து அனுப்பிவிடுவார். கண்ணால் பார்க்க வைப்பது ஒன்றுதான் வழி. எனக்கு அப்போது என்ன துணிச்சல் வந்ததோ, "அப்ப எல்லாரையும் வச்சே முடிவு பண்ணுவோம் சார். செத்த நேரம் கதவுக்கிட்ட வந்து நில்லுங்க, வாயத் தொறக்காதீங்க" என்றேன்.

வெளியே பெஞ்சுகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் வேடசந்தூர்ப் பக்கம், எல்லோரும் "பழக்கம் இல்லை". நான் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு, முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு, நடுவில் போய் நின்று முனகினேன்.

"ஆத்தா, பல்லு வலி உசுரு போகுது. ஆருகிட்டயாவது ஒரு துணுக்குப் போயிலை இருக்கா?"

அப்புறம் பார்க்க வேண்டுமே! சுருக்குப்பைகள் திறந்தன. முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன. ஒருவர் டிபன் பாக்ஸின் மேல்தட்டைத் தூக்கினார். ஒருவர் தன்னுடைய ஸ்கேன் கவருக்குள் கையைவிட்டு, படத்தைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாலாபக்கமிருந்தும் கைகள் நீண்டன, கூடவே வைத்தியமும்.

"கேள்வியம்மா, இத வையுங்க, நல்ல காரம்."

"கடிக்காதீக, ஒதுக்கி மட்டும் வையுங்க."

"மொதத் தடவைன்னா தல சுத்தும், சொவத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க."

"ஏன்டி, இம்புட்டுப் பெருசாவா குடுக்குறது? பாவம், பழக்கம் இல்லாத மனுசி!"

இதற்குள் "புகையிலையைத் தவிர்ப்போம்" என்று எழுதிய போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்கள் வாட்ச்மேன் ஓடிவந்து, "மேடம், என்கிட்ட முழுப் பாக்கெட்டே இருக்கு" என்றார். அவரைக் கதவுப் பக்கம் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். பார்த்தவர் பாக்கெட்டோடு மாயமானார்.

பெரிய டாக்டர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் இரண்டு உள்ளங்கையும் நிறைந்திருந்ததை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போனார். "எந்தப் பக்கம் வைப்பீங்கம்மா?" என்று கேட்டார். அந்த அம்மாள் காட்டிய பக்கத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அடுத்தவரிடம் போனார். கீழ் உதட்டில் வைப்பேன் என்றவருக்குக் கீழ் உதட்டில் புண். வலது கன்னம் என்றவருக்கு வலது கன்னத்தில். வைக்கிற இடமும் புண்ணின் இடமும் ஒன்றாகவே இருந்தன. அவர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகப் போகப் பெஞ்சுகளில் சிரிப்பும் பேச்சும் குறைந்துகொண்டே வந்தன. என் கையில் இருந்ததைக் கொடுத்தவர்களே திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அங்கே இருந்தவர்களில் சிலருக்கு நாங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் பயந்தது அவருடைய கோபத்துக்கு. அவர் கோபப்படவில்லை. நேராகப் பழனியம்மாள் பக்கத்தில், பெஞ்சிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, போன வாரம் நான் சொன்னது தப்பு. தூசி இல்ல. நீங்க பல்லுக்கு வைக்கிறீங்களே, அதுதான்."

பழனியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரே தப்பாச் சொல்வாகளா?"

"சொல்வாங்கம்மா. ரிசல்ட் வந்துருக்கு, புத்துதான். ஆனா சின்னதா இருக்கு, வெட்டி எடுத்துடலாம். அப்புறம் தாராளமா வேலைக்குப் போகலாம். இத மட்டும் இனிமே தொடக் கூடாது."

புத்து என்ற சொல்லுக்கு அவர் அழவில்லை. வேலைக்குப் போகலாம் என்றதும்தான் துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, லெட்டரு!"

என் போனிலிருந்து அவர் கணவருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெஞ்சு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. கடைசியில் எடுத்தார்.

"யோவ், எங்கய்யா இருக்க?"

"இங்கனதான்... கடை வாசல்ல. இன்னும் தொறக்கல."

எந்தக் கடை என்று யாரும் கேட்கவில்லை. "லெட்டர மில்லுல குடுத்தியா இல்லையா?"

"தொறந்ததும் ஒரு கட்டிங் போட்டுட்டு, நேரா மில்லுக்குத்தான் போறேன். சும்மா நச்சரிக்காத."

"போகாத! மில்லுப் பக்கமே போகாத! அங்கனயே இருய்யா, எம்புட்டு நேரமானாலும் அங்கனயே இரு!"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அந்த மனிதர் கேட்டிருக்க மாட்டார். "ஏ பழனி," என்றார், "டாக்டரு என்னம்மா சொன்னாரு? ஒனக்கு ரொம்ப முடியலையா?"

பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில் டை தோளுக்குப் போய்விட்டது.

மதியக் கூட்டத்துக்கு அவர் போனார். ஸ்லைடு போடவில்லை. காலையில் நடந்ததை, தன்னை ஒரு இம்மியும் காப்பாற்றிக்கொள்ளாமல், அப்படியே சொன்னார். கடைசியில் மில் முதலாளிகளைப் பார்த்து, "ராத்திரி ஷிஃப்டுல நடுவுல மிஷினை நிறுத்தி டீ குடுங்க. தூக்கம் வராம இருக்க அவங்க வேற வழி தேட மாட்டாங்க" என்றார். பாதிப் பேர் கைதட்டினார்கள். மிஷினை நிறுத்துவதா என்று பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஒன்றிரண்டு மில்களில் டீ வந்தது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் வரைபடத்தைக் கழற்றிவிட்டு, என்னை எதிரில் உட்கார வைத்து, கேள்வியை மாற்றி எழுதினார். "வாயில் என்ன வைப்பீர்கள், எந்தப் பக்கம்?" என்று நீங்கள் இப்போது டேப்பில் தட்டுகிறீர்களே, அது அன்று எழுதியது.

பழனியம்மாளுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது கன்னம் சற்று உள்ளே இழுத்துக்கொண்டது. மில்லுக்குத் திரும்பினார். மகள் படிப்பும் நிற்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலையில் எங்கள் வாசலில் ஒரு மில் பஸ் வந்து நின்றது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்த பெண்கள், தலையில் பஞ்சோடு, தூக்கக் கண்ணோடு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முன்னால் பழனியம்மாள். டிரைவரை என்ன சொல்லி மிரட்டினார் என்று தெரியாது.

"கேள்வியம்மா, நீங்க பழக்கம் கிழக்கம்னு கேட்டா இவளுகளும் இல்லைம்பாளுக. அதான் பல்லுக்கு வைக்கிறவ பூராவும் வாங்கடின்னு கூட்டியாந்துட்டேன்."

வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தியாகப் பெரிய டாக்டரிடம் அவரே தள்ளிவிட்டார். கடைசியில் ஒரு இளம்பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, உதட்டை மூடிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நான் போறேன்" என்று திரும்பினாள். பழனியம்மாள் திட்டவில்லை. தன் உதட்டை விரலால் இழுத்து, உள்ளே வெட்டி எடுத்துத் தையல் போட்ட இடத்தைக் காட்டினார். "நல்லா பாத்துக்க. நானும் ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னேன்" என்றார். அந்தப் பெண் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இருந்தது, விட்டால் புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு மட்டும். கத்தியே வைக்காமல் காப்பாற்றினோம். அவள் கன்னம் இன்றைக்கும் முழுசாக இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

அதன் பிறகு வேறு மில் பெண்களும் வரத் தொடங்கினார்கள். எங்களிடம் வேடசந்தூர்ப் பக்கத்து வாய்ப் புற்றுநோய் எண்ணிக்கை எகிறிவிட்டது. உங்கள் பிரிவில் மட்டும் திடீரென்று இவ்வளவு ஏன் கூடியது, உடனே விளக்கம் தரவும் என்று மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். பதில் தயார் செய்ய நான் பெரிய டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன். தூசி, தண்ணீர், தட்பவெப்பம் என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்வாரோ என்று எனக்குப் பயம்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோய் கூடல மேடம். முன்னால இல்லைன்னு சொன்னவங்க இப்ப வாயத் தொறக்குறாங்க. அப்படியே எழுதி அனுப்புங்க."

அப்படியே எழுதி அனுப்பினேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.